பல்லு என்னுதுங்க

டாக்டரின் விரலை இருசாயி வேண்டுமென்றே கடிக்கவில்லை. யார் கேட்டாலும் இதைத்தான் அவர் முதலில் சொல்வார். வாயைத் திறந்தபடி நாற்காலியில் சாய்ந்திருந்தபோது, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் குளிர்ந்த இரும்பு ஒன்று கடைவாயில் வந்து இடித்தது. அது என்னவென்று யோசிப்பதற்குள் கீச்சென்று கத்தியது. தண்ணீரைப் பீய்ச்சியது. தொண்டைக்குள் தண்ணீர் இறங்கியதும் வாய் தானாக மூடிக்கொண்டது. நடுவில் டாக்டர் தேவராஜின் ஆள்காட்டி விரல் இருந்தது.

"ஐயோ" என்று அலறியவர் டாக்டர்தான்.

இருசாயிக்குக் கண் தெரியாது. சிறுவயதில் ஓரளவு தெரிந்தது. பொழுது சாய்ந்தால் மட்டும் தடுமாறுவார், வாசற்படியில் இடித்துக்கொள்வார். கல்யாணம் பேசும் சமயத்தில் வெளிச்சமும் இருட்டும்தான் பிரித்துத் தெரிந்தன. மகள் பிறந்தபோது அதுவும் இல்லை. கட்டிக்கொண்டது மாமன் மகன் ராசப்பனை. கொல்லிமலையில் திண்ணனூர் நாடு என்று சொல்லும் பகுதியில், ஒரு சிறிய ஊரில் இருவரும் இருக்கிறார்கள். கொஞ்சம் மரவள்ளி, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடி, ஒரு பசுமாடு. பால் கறப்பதும், மிளகுச் சரத்தை உதிர்த்துக் காயப்போடுவதும், சோறாக்குவதும் இருசாயியின் வேலை. மேட்டிலும் பள்ளத்திலும் இறங்கும் ஒற்றையடிப் பாதைகள் அவர் காலுக்குப் பழக்கம்.

ஊரில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. எதையும் கேட்காமல் விடமாட்டார் என்பார்கள். கரண்டு மீட்டரை மாற்ற வந்தவரிடம் பழைய மீட்டரை வாங்கித் தடவிப் பார்த்தார். பக்கத்துத் தோட்டத்துக்குப் போர் போட லாரி வந்தபோது, வேலை தொடங்குமுன் அதைச் சுற்றி நடந்து சக்கரத்திலிருந்து குழாய் வரை கைவைத்துப் பார்த்த பிறகுதான் வீடு திரும்பினார். அது என்னங்க, எப்படி இருக்கும், தொட்டுப் பாக்கலாமுங்களா? இந்த மூன்றும் இல்லாமல் அவருக்கு ஒரு நாளும் கழிந்ததில்லை.

ராசப்பன் இதற்கு நேர் எதிர். பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை வரும். செம்மேட்டில் புதிதாகக் கட்டிய கடை எப்படி இருக்கிறது என்று கேட்டால், "நல்லாத்தான் இருக்குது" என்பார். அதற்கு மேல் பிடுங்க முடியாது.

அன்றைக்கு நாமக்கல்லில் நடந்தது இதுதான். இடது கீழ்க் கடைவாய்ப் பல் பல நாளாக வலித்தது. தேவராஜ் கைராசிக்காரர் என்று பலரும் சொன்னதால் அவரிடம் போனார்கள். மாடியில் இருந்த கிளினிக். ஏறி உட்கார்ந்ததும் டாக்டர் ராசப்பனைப் பார்த்துக் கேட்டார்.

"அம்மாவுக்கு எந்தப் பக்கம் வலி?"

ராசப்பன் மனைவி பக்கம் திரும்பினார். "எடப்பக்கங்க" என்றார் இருசாயி.

"சூடா எதாவது குடிச்சா வலிக்குதாமா?" இதுவும் ராசப்பனிடம்தான்.

"வலிக்குதுங்க. ராத்திரில படுத்தா இன்னும் சாஸ்தி" என்று இருசாயியே பதில் சொன்னார்.

"வாயைத் தொறக்கச் சொல்லுங்க."

அதன் பிறகுதான் அந்த இரும்பும் தண்ணீரும். விரலைக் கடித்தபின் ராசப்பனை வெளியே உட்காரச் சொன்னார்கள். யாரோ ஒருவர் இருசாயியின் இரண்டு கைகளையும் நாற்காலியோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். இன்னொருவர் தலையை அசையாமல் பிடித்தார். டாக்டர் கோபமாக எதுவும் பேசவில்லை. பல்லை எக்ஸ்ரே படம் எடுத்து, பேசாமல் வேலையை முடித்தார். பல்லில் எதையோ வைத்து அடைத்து, அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பினார்.

பஸ்ஸில் திரும்பும்போது வலி அடங்கியிருந்தது. கைராசி பொய்யில்லை.

"ஏனுங்க, உள்ள என்னங்க பண்ணுனாரு?" என்று கேட்டார் இருசாயி.

"என்னத்தான் வெளிய போகச் சொல்லீட்டாங்களே" என்றார் ராசப்பன்.

மகள் சண்முகப்பிரியா ராசிபுரத்தில் நர்சிங் படிக்கிறாள், விடுதியில் இருக்கிறாள். அன்று சாயங்காலம் போனில் அவளிடம் கேட்டார். பல்லின் வேருக்குள் ஒரு நரம்பு ஓடும், அது கெட்டுப்போனால் சுத்தம் செய்து எடுப்பார்கள் என்று அவள் விளக்கினாள்.

"பல்லுக்கு ஏது கண்ணு வேரு?"

"இருக்கும்மா. ஈறுக்குள்ள, எலும்புக்குள்ள இறங்கியிருக்கும்."

"எப்படி இருக்கும்? மரவள்ளி வேராட்டமா, மொளகுக்கொடி வேராட்டமா?"

"இரும்மா, போட்டோ அனுப்பறேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. பிறகு அம்மாவும் மகளும் விடாமல் சிரித்தார்கள்.

அடுத்த வாரம் இருசாயி போகவில்லை. மாடு கன்று போடும் நாள் நெருங்கிவிட்டது என்றார். அதற்கடுத்த வாரம் மிளகு பறிப்பு. பின்பு மழை. ராசப்பன் வற்புறுத்தவில்லை. உண்மையில் இருசாயியைத் தடுத்தது ஊசியோ வலியோ அல்ல. மணிக்கட்டில் இருந்த அந்தப் பிடி. பிடித்தவரின் முகம் தெரியாது, பெயர் தெரியாது, குரலைக்கூடக் கேட்கவில்லை. கண் தெரியாத ஒருவருக்குக் கைதான் மிச்சம் இருக்கும் கண். அதையும் கட்டிப்போட்டுவிட்டார்களே என்று நினைக்கும்போதெல்லாம் மணிக்கட்டைத் தேய்த்துக்கொள்வார்.

ஒரு நாள் வறுத்த சோளத்தைக் கொறித்துக்கொண்டிருந்தபோது பல்லில் அடைத்திருந்தது உதிர்ந்து நாக்கில் வந்து விழுந்தது. சில நாள் கழித்து அதே பல்லில் சுருக்கென்று ஒன்று. பிறகு கன்னம் வீங்கியது. வலது பக்கமே மென்று, கிராம்பை அடக்கிக்கொண்டு நாளைத் தள்ளினார். ராசப்பன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து பக்கத்தில் நின்றார்.

"நாளைக்கு நாமக்கல் போலாம்."

"போலாமுங்க. ஆனா அவருகிட்ட வேண்டாம். வேற டாக்டரப் பாக்கலாம்."

ராசப்பன் யோசித்தார். "பாதி வேல பண்ணுன பல்ல வேற யாரு தொடுவாங்க? ஒரு கொத்தனாரு விட்டுட்டுப் போன செவத்துல இன்னொருத்தரு கை வெப்பாரா?"

அது நியாயமான கேள்விதான் என்று இருசாயிக்கும் பட்டது. ஆனால் அதற்கு விடை சொல்ல வேண்டியது ஒரு டாக்டர். கேட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சண்முகப்பிரியா அம்மாவின் போனை, தொட்ட இடத்தில் இருக்கும் எழுத்தை வாசித்துச் சொல்லும்படி செய்து கொடுத்திருந்தாள். நாமக்கல்லிலும் சேந்தமங்கலத்திலும் இருக்கும் பல் டாக்டர்களின் எண்களை அவளே தேடிப் பதிந்தும் அனுப்பினாள். மறுநாள் மதியம் வேலை ஓய்ந்ததும், வீங்கிய கன்னத்தோடு இருசாயி ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார்.

முதல் இடத்தில் போனை எடுத்த பெண், "கூட யாரையாவது கூட்டிட்டு வாங்கம்மா. டாக்டர் அவங்ககிட்டப் பேசிக்குவாரு" என்றாள். இருசாயி நன்றி சொல்லி வைத்துவிட்டார். இரண்டாவது இடத்தில் இவர் கேட்டதைப் பாதிதான் கேட்டார்கள். "சாமானெல்லாம் தொட்டுப் பாக்கணுமா? அதெல்லாம் யாரும் தொடக்கூடாதும்மா" என்று சொன்ன வேகத்தில் போன் துண்டிக்கப்பட்டது.

மூன்றாவதாகச் சேந்தமங்கலத்துக்கு அடித்தார். வாய் நிறையச் சோற்றோடு ஒரு பெண் குரல் "ஹலோ" என்றது.

"டாக்டருங்களா?"

"ஆமாங்க, அருணா பேசறேன். சொல்லுங்க."

"சாப்புட்டுட்டு இருக்கறீங்களாட்ட இருக்குது. அப்பறமாக் கூப்படட்டுங்களா?"

"பரவால்லீங்க, முடிஞ்சுருச்சு. சொல்லுங்க."

இருசாயி சொன்னார். கண் தெரியாது என்பதை, பாதியில் நிற்கும் பல்லை, கடித்த விரலை, கையைப் பிடித்துக்கொண்டதை, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். கடைசியில் தான் கேட்க வந்ததைக் கேட்டார். "வாய்க்குள்ள எது வந்தாலும் வாரதுக்கு முன்னால ஒரு வார்த்த சொல்லோணுங்க. முடிஞ்சா அதக் கையில குடுத்துக் காட்டோணுங்க. அப்படிப் பண்ணுவீங்களா?"

மறுமுனையில் சத்தமில்லை. இதுவும் துண்டித்துவிட்டதோ என்று இருசாயி நினைத்தார்.

"இருங்க, யோசிக்கறேன்" என்றார் அருணா. "நான் வேலை செய்யற கருவியெல்லாம் சூட்டுல வெச்சுக் கிருமி போக்கி, உறைக்குள்ள வெச்சிருப்போம். அதத் தொட்டா மறுபடியும் முதல்ல இருந்து செய்யணும். ஆனா காலேஜ்ல படிச்சப்ப வாங்குன பழைய செட்டு ஒண்ணு வீட்டுல கிடக்குது. அதே மாதிரிதான் இருக்கும். எடுத்துட்டு வாரேன். அத நீங்க எவ்வளவு நேரம் வேணும்னாலும் தொட்டுப் பாருங்க. எங்கிட்ட இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்லீங்க. எப்படிப் போகுதுன்னு எனக்கும் பாக்கணும்."

பாதியில் நிற்கும் பல்லை இன்னொரு டாக்டர் தொடலாமா என்று கேட்டதற்கு, அதெல்லாம் தாராளமாகச் செய்யலாம், முதலில் எடுத்த எக்ஸ்ரே படம் கிடைத்தால் நல்லது என்றார். நோயாளி கேட்டால் கொடுப்பார்கள் என்றும் சொன்னார்.

இது இருசாயி எதிர்பார்க்காதது. விட்டு வந்த இடத்துக்கே மறுபடி பேச வேண்டும். சிறிது நேரம் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு அடித்தார்.

வரவேற்பில் இருந்த பெண் விவரத்தைக் கேட்டுவிட்டு, "உங்க வீட்டுக்காரரப் பேசச் சொல்லுங்கம்மா" என்றாள்.

"எதுக்குங்க?"

"இல்லம்மா, படமெல்லாம் குடுக்கறதுன்னா..."

"ஏனுங்க, பல்லு என்னுதுங்க. படமும் என்ற வாயிலதான எடுத்தீங்க?"

அந்தப் பெண் யாரிடமோ பேசினாள். போன் கை மாறியது. "நான் தேவராஜ்" என்றது குரல். இருசாயிக்கு உடனே அடையாளம் தெரிந்தது. அந்தக் குரல் தன்னிடம் நேராகப் பேசுவது இதுதான் முதல் முறை என்பதும் தெரிந்தது.

"நீங்கதான என் விரலக் கடிச்சவங்க?"

"ஆமாங்க. இப்ப எப்படி இருக்குதுங்க?"

"அது ஆறிப்போச்சு." டாக்டர் கொஞ்சம் தயங்கினார். "வேற இடம் போறீங்களாமே. நான் வேலை சரியாத்தான் பண்ணேன். வலி நின்னுச்சா இல்லையா?"

"நின்னுதுங்க. உங்க கையில ஒரு கொறையும் இல்லீங்க. எனக்குத்தான் என்ன வருதுன்னு ஒண்ணும் புரியல. நீங்க சொல்லாம வந்தீங்க, நான் தெரியாமக் கடிச்சுப்புட்டேன்."

"சொல்லிட்டு வந்திருந்தா கடிச்சிருக்க மாட்டீங்களா?"

கேலியா, உண்மையாகவே கேட்கிறாரா என்று இருசாயி ஒரு நொடி கவனித்தார். உண்மையாகவே கேட்பதாகத்தான் பட்டது.

"மாட்டனுங்க. இப்ப நீங்க கண்ண மூடிட்டு வாயத் தொறங்க. நான் பேசாம ஒரு கரண்டிய உடறேன். நீங்க என்ன பண்ணுவீங்க?"

டாக்டர் சிரித்தது போல ஒரு மூச்சுச் சத்தம் வந்தது. "படத்த எந்த நம்பருக்கு அனுப்பணும்?" என்று கேட்டுக்கொண்டார். மாலைக்குள் அது சண்முகப்பிரியாவின் போனுக்கும், அங்கிருந்து அருணாவுக்கும் போய்விட்டது.

மலையிறங்கும் பஸ் அடிவாரத்துக் காரவள்ளி வந்து சேர்வதற்குள் வளைவுகளில் ஆடி ஆடி, வீங்கிய கன்னம் ஜன்னல் கம்பியில் இரண்டு முறை இடித்துவிட்டது. சேந்தமங்கலத்தில் இறங்கி விசாரித்துப் போனார்கள். கிளினிக் தெருவை ஒட்டித் தரைமட்டத்திலேயே இருந்தது. அருணா வாசலுக்கே வந்தார்.

"அக்கா, நான் அருணா. எப்படி உள்ள கூட்டிட்டுப் போகட்டும்? கையப் பிடிச்சுக்கட்டுமா?"

"நான் உங்க முழங்கையப் புடிச்சுக்கறனுங்க. நீங்க முன்னால நடந்தாப் போதும்."

ராசப்பன் இதைப் பார்த்துக்கொண்டு பின்னால் வந்தார். இத்தனை வருடமாக அவர் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் நடப்பார். இப்படி ஒரு வழி உண்டு என்று இருசாயி சொன்னதும் இல்லை, அவர் கேட்டதும் இல்லை.

"இன்னைக்குப் பாக்கறது மட்டும்தான்" என்றார் அருணா. "நானும் பாக்கறேன், நீங்களும் பாருங்க."

முதலில் நாற்காலி. படுக்கவைக்குமுன் அதன் மேலும் கீழும் இருசாயி கைவிட்டுத் துழாவினார். எதை அழுத்தினால் சாய்கிறது, தண்ணீர் துப்பும் கிண்ணம் எங்கே இருக்கிறது, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கை எது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு அருணா ஒரு தாடையை மடியில் வைத்தார். பிளாஸ்டிக்கில் செய்தது, நிஜத் தாடையைவிடப் பெரியது. இருசாயி ஒவ்வொரு பல்லாக விரலை நகர்த்திக் கடைவாய்ப் பல்லில் நிறுத்தினார். அருணா அந்தப் பல்லைக் கழற்றிக் கையில் கொடுத்தார்.

இருசாயி அதைத் திருப்பினார். மேலே மேடு பள்ளமாக அரைக்கும் பக்கம். கீழே இரண்டு கால்கள்.

"இதுதான் வேருங்களா?"

"ஆமாக்கா."

"நான் நாராட்டம் மெல்லிசா இருக்குமுன்னு நெனச்சேன். இது முளைக்குச்சியாட்டம் இருக்குது." அவர் விரல் வேரின் நுனிக்குப் போனது. நுனியில் ஊசி நுழையும் அளவில் ஒரு துளை. "இது வழியாத்தான் நரம்பு வருதுங்களா? இவ்வளவு சின்ன ஓட்டைலயா அந்த வலியெல்லாம் வந்துது?"

அருணா சிரித்துவிட்டார். உதவியாளர் மேகலா உள் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

பழைய செட்டில் கண்ணாடி இருந்தது, நீண்ட காம்பில் காசு அளவு வட்டம். கொக்கி போல வளைந்த ஊசி இருந்தது. வேருக்குள் விட்டுச் சுத்தம் செய்யும் கம்பி இருந்தது. அது தலைமுடியைவிடச் சற்றுத்தான் தடிமன், உருட்டினால் திருகுத் திருகாக நெருடியது. கீச்சிடும் கருவியை வாய்க்கு வெளியே ஓடவிட்டு, அதன் காற்றையும் தண்ணீரையும் இருசாயியின் உள்ளங்கையில் பாய்ச்சினார் அருணா.

"அட, இதுங்களா?" என்றார் இருசாயி. அந்த நாளில் தன்னை உலுக்கியெடுத்த பூதம் கைக்குள் அடங்குகிற இத்தனூண்டு சாமானா என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. "தண்ணி எதுக்குங்க?"

"சுத்தற வேகத்துல பல்லு சூடாயிரும். அதக் குளிர வைக்க."

எல்லாமே சரியாகப் போய்விடவில்லை. "இங்க பாருங்க", "அந்தப் பக்கம் திரும்புங்க" என்று அருணா பழக்கத்தில் சொல்லிக்கொண்டே இருந்தார். "எந்தப் பக்கங்க?" என்று இருசாயியும் கேட்டுக்கொண்டே இருந்தார். விளக்கைப் போட்டபோது, "கண்ணு கூசும், மூடிக்குங்கக்கா" என்று சொல்லிவிட்டு அருணா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"கூசாதுங்க. ஆனா மொகத்துல வெதுவெதுன்னு இருக்குது. அது லைட்டுதானுங்களா?"

"ஆமாக்கா."

"என்ன நெறமுங்க?"

அருணா விளக்கைத் திரும்பிப் பார்த்தார். தினமும் போடுகிற விளக்கு. "வெள்ளைதான். இல்ல, கொஞ்சம் மஞ்சளா இருக்குது. இத்தன நாளா நான் கவனிக்கல" என்றார்.

பிறகு சொல்லிச் சொல்லி வாய்க்குள் பார்த்தார். கண்ணாடி வருதுக்கா. இப்ப ஊசிக் கொக்கி, பல்ல மட்டும் தட்டும். இப்ப பஞ்சு. புதிதாக ஒரு எக்ஸ்ரேயும் எடுத்துப் பழையதோடு வைத்துப் பார்த்தார். நேரம் கொஞ்சம் கூடுதலாகவே ஆனது. கருவிகளைத் தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது. அருணா நாற்காலியை இழுத்துப்போட்டு இருசாயிக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"அக்கா, நல்ல சேதி இல்லீங்க. பல்லு பொளந்திருக்குது. மேல இருந்து வேரு வரைக்கும் போயிருச்சு. இதக் காப்பாத்த முடியாது. எடுத்தாகணும்."

ராசப்பன் எழுந்து நின்றார். அருணா அவரைப் பார்க்கவில்லை. இருசாயி பேசும்வரை காத்திருந்தார்.

"முன்னாலயே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாமுங்களா?"

"உறுதியாச் சொல்ல முடியாதுங்க. அடைச்சது விழுந்தப்பறம் பல்லு பலமில்லாம இருந்திருக்கும். கெட்டியா எதையோ கடிச்சிருப்பீங்க. சீக்கிரமா வந்து மேல ஒரு உறை போட்டிருந்தா ஒருவேளை நின்னிருக்கும்."

இருசாயி வீங்கிய கன்னத்தில் கைவைத்தார். மழையையும் மிளகையும் மாட்டையும் காரணம் சொல்லித் தள்ளிய நாட்கள் ஞாபகம் வந்தன. மணிக்கட்டைப் பிடித்த கைகளும் ஞாபகம் வந்தன. இதில் எதன் மேல் பழி போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒன்றின் மேல் மட்டும் போட முடியாது என்பது தெரிந்தது.

"சரிங்க. எடுத்துப்புடலாம். எதுல எடுப்பீங்க? அதக் காட்டுங்க."

வீக்கம் வடிய மாத்திரை கொடுத்து, சில நாள் கழித்து வரச் சொன்னார்.

இரண்டாம் முறை போனபோது நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். ராசப்பனை அதில் உட்காரச் சொன்னார் அருணா. "வெளிய இருந்துக்கறனுங்க" என்றார் அவர். "வேண்டாங்கண்ணா, இங்கயே இருங்க. அக்கா அப்பறம் உங்களத்தான் கேப்பாங்க" என்றார் அருணா. ராசப்பன் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தார்.

நிறுத்த வேண்டுமென்றால் இடது கையைத் தூக்கினால் போதும், எந்த நிலையில் இருந்தாலும் வேலை நின்றுவிடும் என்று பேசிக்கொண்டார்கள். மரத்துப்போக ஊசி போடுமுன் ஈறில் தடவிய மருந்து இனிப்பும் கசப்புமாக இருந்தது. ஊசியை அருணா சொல்லிவிட்டுத்தான் போட்டார். சுருக்கென்றது, பிறகு இடது பக்க உதடு ஊதிப் பெருத்துக் கன்னத்தைவிட்டு இறங்கிப் போவது போல இருந்தது. தொட்டுப் பார்த்தால் அளவு மாறவில்லை. விரலுக்கு உதடு தெரிந்தது, உதட்டுக்கு விரல் தெரியவில்லை. அடுத்தவர் உதட்டைத் தொடுவது போல அதைத் திரும்பத் திரும்பத் தொட்டுக்கொண்டிருந்தார். அருணா கையை எடுக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

வேலை பாதி நடந்துகொண்டிருந்தபோது, எச்சிலை உறிஞ்சும் குழாயை மேகலா சட்டென்று நாக்கின் மேல் வைத்துவிட்டாள். கொர்ரென்ற சத்தத்தோடு அது நாக்கைக் கவ்வி இழுத்தது. இருசாயியின் உடம்பு முழுவதும் தூக்கிப்போட்டது. இடது கை மேலே போனது.

எல்லாம் நின்றது. வாயிலிருந்து எல்லாக் கைகளும் வெளியே போயின.

இருசாயி மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தார். கை இன்னும் மேலேயே இருந்தது. அதை யாரும் பிடிக்கவில்லை.

"என் தப்புக்கா" என்றாள் மேகலா. "அது எச்சில் உறிஞ்சற குழாய். சொல்லணும்கறத மறந்துட்டேன்."

இருசாயி கையை நீட்டினார். மேகலா புரிந்துகொண்டு ஓடும் குழாயின் நுனியை அவர் விரலில் வைத்தாள். அது விரல் நுனியை உறிஞ்சிப் பிடித்தது. கன்றுக்குட்டி சப்புவது போல இருந்திருக்க வேண்டும், இருசாயிக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. மரத்த உதடு ஒரு பக்கமாக மட்டும் விரிந்தது. கையை இறக்கி, வாயைத் திறந்தார்.

பிறகு பல் பிடிவாதம் பிடித்தது. அருணா சொல்லிக்கொண்டே இருந்தார். "இப்ப அழுத்தம் வரும், வலி வராது. இப்ப ஆட்டறேன். இப்ப ஒரு சத்தம் கேக்கும், பயந்துக்காதீங்க, அது எலும்பு விட்டுக்குடுக்கற சத்தம்." காதுக்குள் மூங்கில் நெரிவது போல ஒரு சத்தம் கேட்டது. ராசப்பனின் ஸ்டூல் தரையில் உராய்ந்தது. ஆனால் அவர் எழுந்து போகவில்லை.

"வந்துருச்சுக்கா."

பஞ்சை வைத்துக் கடிக்கச் சொல்லிவிட்டு, அருணா பல்லைக் கழுவி இருசாயியின் உள்ளங்கையில் வைத்தார். பிளாஸ்டிக் பல்லைவிட எவ்வளவோ சிறியது. வழவழப்பாக இல்லை. இரண்டு வேர்களும் நேராக இல்லாமல் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன, காற்றடிக்கும் மேட்டில் வளர்ந்த மரம் போல. நகத்தை மேலிருந்து கீழே இழுத்தார். ஓரிடத்தில் நகம் இடறியது. அந்த இடறல் வேர் வரைக்கும் ஒரே கோடாகப் போனது. இருசாயி அங்கேயே விரலை வைத்துக்கொண்டு அருணா இருந்த திசையில் முகத்தைத் தூக்கினார்.

"ஆமாக்கா. அதுதான் பொளவு" என்றார் அருணா.

இருசாயி தலையாட்டினார். இத்தனை வருடம் தன் வாய்க்குள்ளேயே இருந்த ஒன்றை இப்போதுதான் முதன்முதலாகக் கையில் வைத்திருந்தார்.

இன்னும் ஒரு மணி நேரத்துக்குப் பஞ்சை எடுக்கக் கூடாது, பேசக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். வாசலைத் தாண்டும்போது ராசப்பன் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. தன் முழங்கையை மனைவியின் கையில் இடித்து நின்றார். இருசாயி பிடித்துக்கொண்டார்.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. காரவள்ளி தாண்டி ஏற்றம் தொடங்கியது. இருசாயிக்குக் கேட்க வேண்டியவை தொண்டை வரை நிறைந்திருந்தன. வாயில் பஞ்சு. பல்லைப் பிடுங்கியபோது டாக்டர் உட்கார்ந்திருந்தாரா, நின்றிருந்தாரா? ரத்தம் எவ்வளவு வந்தது? மேகலா சின்னப் பெண்ணா? அவர் கணவர் பக்கம் திரும்புவதும், பிறகு சாய்வதுமாக இருந்தார்.

ராசப்பன் தொண்டையைச் செருமினார்.

"அந்தப் புள்ள நின்னுட்டேதான் புடுங்குச்சு. ஒல்லியாத்தான் இருக்குது. எங்கிருந்துதான் அவ்வளவு பலமோ. நெத்தியெல்லாம் வேர்த்துப் போச்சு. இன்னொரு புள்ளதான் பஞ்சுல தொடச்சு உட்டுது."

இருசாயி அசையாமல் கேட்டார்.

"ரத்தம் ரொம்ப இல்ல. கொஞ்சம்தான். நீ கையத் தூக்குனப்ப எனக்குத்தான் பயமாப் போச்சு." சிறிது நேரம் எஞ்சின் சத்தம் மட்டும். பேச்சு முடிந்துவிட்டதோ என்று இருசாயி முழங்கையால் அவர் விலாவில் இடித்தார்.

"என்ன? வெளியவா? வெளிய ஒண்ணுமில்ல. மேகம் எறங்கிக் கெடக்குது. கீழ ரோடு தெரியல. கொரங்கு ரெண்டு மூணு கட்டச் செவத்து மேல உக்காந்திருக்குது. ஒண்ணு குட்டிய வயித்துல அணைச்சிருக்குது." மீண்டும் ஒரு இடி. "இரு, சொல்றேன். அந்த வளைவுல ஒரு லாரி நின்னுபோச்சு. திரும்ப முடியாம நம்ம பஸ்ஸு பின்னால வருது. லாரிக்காரன் எறங்கி நின்னு கையக் காட்டறான். சட்ட பூராவும் அழுக்கு. தார்ப்பாய் போட்டு மூடி என்னத்தையோ ஏத்தியிருக்கறான்."

கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு நீளமாக அவர் பேசி இருசாயி கேட்டதில்லை. மேலே போய்ச் சேரும்வரை பேசிக்கொண்டே வந்தார். சில இடங்களில் சொல் கிடைக்காமல் திணறினார். காட்டுப் பூ ஒன்றின் நிறத்தைச் சொல்லப் போய், சிவப்பு என்றார், இல்லை என்றார், காய்ந்த மிளகாய்க்கும் செங்கல்லுக்கும் நடுவில் என்றார்.

வீடு வந்ததும் இருசாயி வாசலில் நின்று பஞ்சைத் துப்பினார். தண்ணீர் வாங்கி மெதுவாகக் கொப்பளித்தார். உதடு பாதி மரத்தும் பாதி உயிர் வந்தும் இருந்தது. வார்த்தை ஒரு பக்கமாகக் குழறிக்கொண்டு வந்தது.

"ஏனுங்க, அந்த லாரியில என்னங்க ஏத்தியிருந்தாங்க?"